சத்தம் போடாத வண்டி

உங்கள் நாற்காலியின் ஓரத்தில் தையல் விட்டிருக்கிறது, டாக்டர். கையில் ஊசி இருந்தால் பேசிக்கொண்டே போட்டுக் கொடுத்துவிடுவேன். தொழில் புத்தி, என்ன செய்வது. எங்கே போனாலும் கண் முதலில் தையலில்தான் போய் நிற்கும். உங்கள் வெள்ளைக் கோட்டின் இடது தோள் ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்பதுகூட உள்ளே நுழைந்தவுடனே தெரிந்துவிட்டது. முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டாமென்று இருந்தேன்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. காது மந்தமாகிவிட்டது என்று ஒரு மனிதரை அவர் மகள் கூட்டிக்கொண்டு வருகிறாள். நீங்கள் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கீச்சென்றும் கும்மென்றும் சத்தம் விட்டுப் பார்க்கிறீர்கள். அவரோ ஒன்றுவிடாமல் பொத்தானை அமுக்குகிறார். இவர் வயதில் பாதி உள்ளவர்களுக்குக்கூட இப்படிக் கேட்காது என்கிறீர்கள். பிறகு அப்பாவையும் மகளையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் நிறுத்தி, "வீட்ல என்னம்மா நடக்குது?" என்று கேட்கிறீர்கள். வேறு ஒருவராக இருந்தால் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார். நீங்கள் கேட்டீர்கள். கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

வீட்டில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் கார் மாற்றினோம்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர். இசைப்பள்ளி, பெரிய ஹோட்டல்களின் வரவேற்பறை, பியானோ வாங்கிவிட்டு யாரும் வாசிக்காமல் மேலே பூச்சாடி வைத்திருக்கும் வீடுகள், எல்லா இடத்திலிருந்தும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டால் அப்புறம் உலகம் இல்லை. வீட்டுக்கு வந்தாலும் காது மட்டும் வேலையை விட்டு இறங்காது. ஸ்பூன் கீழே விழுந்தால் அது இன்ன சுரம் என்பார். ஃபிரிட்ஜ் முனகுவது ராத்திரிக்கும் பகலுக்கும் மாறுகிறது என்பார். என் தையல் கடைக்குள் நுழைந்து, "உன் மெஷின் சுருதி இறங்கிடுச்சு, எண்ணெய் விடு" என்பார். எண்ணெய் விட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். அதுதான் எரிச்சல்.

எல்லாவற்றையும் கேட்கிற காது, என்னைத் தவிர. நான் என்ன சொன்னாலும் "ம்" என்பார். பக்கத்துக் கடை காலியாகிறது என்றால் "ம்". மகள் போன் பண்ணினாள் என்றால் "ம்". ஒருநாள் சோதித்துப் பார்க்கலாமென்று, "என்னங்க, உங்க மூக்கு கழன்று கீழே விழுந்துடுச்சு" என்றேன். "ம், அப்புறம் எடுத்து வைக்கறேன்" என்றார். கோபக்காரர் இல்லை. குடிக்க மாட்டார். கை ஓங்கியதில்லை. புகார் சொல்ல வேண்டுமென்றால் எங்கே பிடித்துச் சொல்வது என்றே தெரியாத வகை மனிதர்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன வருடம், இனி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், பேசிக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்தேன். அவரும் இரண்டு பேர் என்றுதான் கணக்குப் போட்டார். இரண்டே இருக்கை உள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொண்டு வந்தார்.

பழைய வண்டி. மஞ்சள் நிறம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதில் ஏறுவது என்று சொல்வதே தப்பு, இறங்க வேண்டும். வெளியே வருவதற்கு ஒரு காலை முதலில் அனுப்பிவிட்டு, அது என்ன தகவல் சொல்கிறது என்று பார்த்து அடுத்ததை அனுப்ப வேண்டும். மேலே துணிக்கூரை. மழை பெய்தால் சரியாக என் தோளில் மட்டும் சொட்டும். இரைச்சலைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை, காது டாக்டர் நீங்கள். எங்கள் தெருவில் குழந்தைகளைத் தூங்கவைத்திருக்கும் தாய்மார்கள் அவர் வருகிற நேரத்தைத் தெரிந்து வைத்திருந்தார்கள். மேல்மாடிக்காரம்மா என் கடை வாசலில் நின்று, "உங்க வீட்டுக்காரரோட சின்னவீடு கிளம்பிடுச்சு போல" என்பாள். நானும் சிரிப்பேன். வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ள முடியுமா.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தனியாக ஏரிக்கரைச் சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பி வரும்போது ஒரு முகம் வைத்திருப்பார். முடி கலைந்து, காது மடல் சிவந்து, என்னமோ ரகசியம் கேட்டுவிட்டு வந்த மாதிரி. அந்த முகம் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அது என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்த முகம்.

அதற்காகப் பொறாமைப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு காரைப் பார்த்துப் பொறாமைப்படுகிற அளவுக்கு எனக்குக் கடையில் நேரம் இருந்ததில்லை.

நடுவில் எனக்கு ஒரு சின்ன விஷயம் வந்தது. மார்பில் ஒரு கட்டி. தையல்காரிக்குத் தன் அளவு தெரியும். ஒரு கடுகு கூடினாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். டாக்டரிடம் தனியாகப் போனேன். ஊசியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் அவரிடம் நான் எத்தனை தடவை ஆரம்பித்தேன் என்று எண்ணவில்லை. எல்லாவற்றுக்கும் "ம்" வந்தது. கடைசியில் ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புதான் என்று சொன்னார்கள். சந்தோஷமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்று சொல்லி வண்டிக்குள் இறங்கி உட்கார்ந்தேன். ஏரிக்கரை வளைவில், "என்னங்க, ஒரு வாரமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். எனக்கு ஒரு கட்டி" என்று ஆரம்பித்தேன்.

அவர் ஒரு விரலைத் தூக்கினார். "ஷ்... இதைக் கேளு." கியரை மாற்றினார். என்ஜின் ஒரு குரலிலிருந்து இன்னொரு குரலுக்கு ஏறியது. "கேட்டியா? எப்படி ஏறுது பாரு, பிசிறே இல்லாம."

கேட்டேன் என்றேன். நன்றாக இருந்தது என்றும் சொன்னேன். பொய்யில்லை, நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சமையலை முடித்துவிட்டு, இந்த வண்டி நமக்குச் சரிப்படாது என்று முடிவு செய்தேன். கூபே என்று ஒரு ரகம் இருக்கிறதாம். அதுவும் இரண்டு கதவுதான், பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே மெத்தை மெத்தையாக, சத்தமே இல்லாமல் போகுமாம். மேல்மாடிக்காரம்மாவின் தம்பி வைத்திருந்தார். புருஷன் பெண்டாட்டி அதில் போனால் ஒருவர் பெருமூச்சு விடுவது இன்னொருவருக்குக் கேட்கும் என்றாள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"வண்டியை மாத்துங்க" என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். "ம்" என்றார்.

அவருடைய பிறந்தநாளுக்கு அந்த வண்டியின் இருக்கைகளுக்கு என் கையாலேயே புது உறை தைத்துத் தருகிறேன் என்றேன். மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து உறைக்கான தோலைத் தடவிப் பார்த்தார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், ஓட்டுகிறவர் இருக்கையின் வலது பக்க நுரையில் ஒரு விரல் கனத்துக்குச் சீவி எடுத்தேன். மேலே உறை போட்டுத் தைத்தால் கண்ணுக்குத் தெரியாது. இடுப்புக்குத் தெரியும். இரண்டு மாதம் போனபோது காலையில் எழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வயசாகுது போல" என்றார். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், டாக்டர். அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் முதலில் உச்சரித்தது அவர்தான்.

அவர் ஆரம்பித்தபிறகு நான் சும்மா இருப்பது அழகில்லை. அவருடைய பேண்ட்டுகளை இஸ்திரிக்கு எடுக்கும்போதெல்லாம் இடுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துத் தைத்தேன். பெல்ட்டை மறந்துவிட்டால் மாட்டிக்கொள்வோம், அதனால் பக்கிளைக் கழற்றி அந்த முனையில் வெட்டிவிட்டுத் திரும்பப் பொருத்தினேன். ஓட்டை மாறாது, சுற்றளவு மட்டும் குறையும். பாவம், சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தார். மாடிப்படி ஏறி இறங்கினார். உடம்பு இளைத்தது. பேண்ட் அதைவிட வேகமாக இளைத்தது. கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "உனக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்பார். "எனக்கு நீங்க எப்பவும் ஒரே மாதிரிதாங்க" என்பேன். மனைவி வேறு என்ன சொல்வாள்.

காது விஷயம் மட்டும் நான் திட்டம் போட்டுச் செய்ததில்லை. அது தானாக வந்தது. மழைக்காலத்தில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு குரல் போய்விட்டது. அடுக்களையிலிருந்து, காற்று மாதிரி, "உப்பு தீர்ந்துடுச்சு" என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன சொன்னே?"

டாக்டர், உங்களுக்குக் கல்யாணமாகிவிட்டதா தெரியாது. இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. நான் வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். அடுக்களை வாசலில் நின்று என் வாயைப் பார்த்தார். "என்ன சொன்னே? சரியாக் கேக்கலை." உப்பு தீர்ந்துவிட்டது என்று மறுபடி சொன்னேன். போய் வாங்கி வந்தார். வழியில் எனக்குத் தொண்டைக்கு ஏதாவது வேண்டுமா என்று யோசித்து அதையும் வாங்கி வந்திருந்தார்.

தொண்டை சரியாகிவிட்டது. கடையில் எப்போதும்போலப் பேசினேன். அவரிடம் மட்டும் பழைய குரலுக்குத் திரும்பவில்லை. தொலைக்காட்சியையும் தினம் ஒரு புள்ளி குறைத்தேன். அவர் "ஆ?" என்றால், "ஒண்ணுமில்லங்க, நாலு தடவை சொல்லிட்டேன், பரவாயில்ல" என்பேன். ஒரு தடவைதான் சொல்லியிருப்பேன். பல தடவை சொல்லியே இருக்க மாட்டேன். அப்போதெல்லாம் அவர் என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு பயம் வரும். பயந்தவர்கள் எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஆனால் அவர் முட்டாள் இல்லை. ஒருநாள், "வேலை செய்யற இடத்துல எல்லாம் நல்லாத்தான் கேக்குது. வீட்லதான் இப்படி இருக்கு" என்றார். துணியில் அது ஒரு ஓட்டை. அப்படியே விட்டால் நாளுக்கு நாள் பெரிதாகிவிடும்.

அந்த வாரம் இசைப்பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் போன் செய்தாள். அடுத்து எப்போது வருவார் என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன். அவரிடம் அதைச் சொல்லும்போது நானாக ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன். போன தடவை சேர்த்த சுருதி கொஞ்சம் சரியில்லையாம், பிள்ளைகள்கூடக் கண்டுபிடித்துவிட்டார்களாம்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை.

"அப்படியா சொன்னாங்க?" என்று கேட்டார். "மெதுவாத்தான் சொன்னாங்க. பெருசு பண்ண வேண்டாம்னாங்க. நீங்களும் யார்கிட்டயும் கேட்டுட்டு இருக்காதீங்க, அசிங்கம்" என்றேன். மானஸ்தர், கேட்க மாட்டார் என்று தெரியும். மறுநாள் காலையிலேயே போனார். சாயங்காலம்தான் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வண்டியில், என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"ஒவ்வொரு கம்பியா தட்டிப் பாத்தேன்," என்றார். "ஒண்ணும் தப்பில்லைன்னுதான் கேக்குது எனக்கு. பிள்ளைங்களுக்கே தப்பு தெரியுதுன்னா..." ஒரு காலை முதலில் அனுப்பி, மெல்ல இறங்கி வந்தார்.

அவருக்கு நான் டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கொஞ்சம் கூடவே போட்டேன். பிறகுதான், இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்: "இந்த வண்டி இரைச்சல்தாங்க உங்க காதைத் தின்னுடுச்சு."

விற்றுவிடலாம் என்று அவரே சொன்னார். முதுகுக்கும் ஆகவில்லை, வயிறு வேறு ஸ்டீயரிங்கில் இடிக்கிற மாதிரி இருக்கிறது, இனிமேல் இந்த வயதில் எதற்கு என்றார். கூபே பார்க்கலாமா என்று நான் கேட்டேன், காற்று மாதிரி. "என்ன?" என்று குனிந்தார். எவ்வளவு பாந்தமாகக் குனிந்தார் தெரியுமா.

கார் கடையில் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. கதவைச் சாத்தினால் நகைப்பெட்டி மூடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். என் கண் இருக்கையின் தையலுக்குப் போனது. குறை சொல்ல இடமில்லை. விற்பனைக்காரர் நல்ல பேச்சுக்காரர்.

"உள்ள உக்காந்து கண்ணாடிய ஏத்திட்டீங்கன்னா வெளிய மழை கொட்டறதே தெரியாது சார்."

"தெரியணுமே," என்றார் இவர்.

"மேடம் சொல்லுங்க," என்று விற்பனைக்காரர் என் பக்கம் திரும்பிவிட்டார். யாரிடம் பேச வேண்டுமென்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

மஞ்சள் வண்டிக்கு என்ன விலை போடலாமென்று பார்க்க அங்கிருந்த மெக்கானிக் அதைக் கிளப்பினார். இவர் பத்தடி தள்ளி, எனக்குப் பின்னால், நின்றுகொண்டிருந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். "உள்ள லேசா ஒரு தட்டல் இருக்கு. வால்வு பக்கமா பாருங்க. அதை மறைச்சு விக்கக் கூடாது" என்றார். மெக்கானிக் மூடியைத் திறந்து காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அட, ஆமா சார். கிட்ட வந்தாத்தான் எனக்கே கேக்குது. அங்கிருந்து எப்படி சார்?" என்றார்.

அவர் முகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வரப் பார்த்தது. நான் பார்த்தேன். எல்லாம் அந்த ஒரு நொடியில் அவிழ்ந்துபோயிருக்கும்.

"போன மாசமே ஒர்க்‌ஷாப்ல சொன்னாங்களே," என்றேன். "மறந்துட்டீங்களா?"

"அப்படியா?" என்றார். "ஆமா... சொல்லியிருப்பாங்க."

காதோடு ஞாபகமும் போகிறது என்று அன்றைக்கு எடுத்துக்கொண்டார். அந்த "அப்படியா" எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, ஒப்புக்கொள்கிறேன். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. திரும்பி வரும் வழியில் அவருக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூபேயில் அதே ஏரிக்கரைச் சாலை. பஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. மரம் அசைகிறது, சத்தம் இல்லை. எதிரே லாரி வருகிறது, சத்தம் இல்லை. இத்தனை வருடம் பேசாமல் வைத்திருந்ததெல்லாம் இனி பேசலாம். அவர் வேகத்தைக் குறைத்து, என் பக்கம் சாய்ந்து, "சொல்லு" என்றார்.

எனக்கு ஒன்றுமே வரவில்லை, டாக்டர். நூல் கண்டு விலை ஏறியதைச் சொன்னேன். ஒரு அம்மா ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கவே வராததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். முடிந்ததும், "அப்புறம்?" என்றார். அப்புறம் என்ன இருக்கிறது. அதனால் கட்டியைச் சொன்னேன்.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்ப? இப்ப எப்படி இருக்கு? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேங்க. இந்த வளைவுலதான் சொன்னேன்."

அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எனக்குக் கேக்கவே இல்லையேம்மா," என்றார். "அப்படின்னா அப்பவே எனக்குக் காது போயிடுச்சு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள்? அவர் தலையைத் தடவிக் கொடுத்தேன். "நீங்க என்னங்க பண்ணுவீங்க, பாவம்" என்றேன். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அன்றைக்குத்தான். அதைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அவராகச் செய்துகொண்டது. பியானோ வேலையை விட்டுவிட்டார். கம்பி முறுக்கும் சாவியையும் மற்றச் சாமான்களையும் இசைப்பள்ளியிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஏன் என்று அவர்கள் கேட்டதற்கு, "மத்தவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே நிறுத்திக்கறது மரியாதை" என்றாராம். அந்தப் பெண் போனில் என்னிடம் அழுதாள். நல்ல பெண்.

பிறகு கூபேயை ஓட்டுவதையும் விட்டார். ஹாரன் கேட்காமல் யார் மேலாவது ஏற்றிவிட்டால் என்ன செய்வது என்றார். நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எனக்கு நன்றாக வருகிறது. அவர் பக்கத்தில் முழங்கால் மேல் கை வைத்து உட்கார்ந்திருப்பார். "வசதியா இருக்குதாங்க?" என்று கேட்டால், என் முகத்தைப் பார்த்து, "உனக்கு வசதியா இருந்தா சரி" என்பார். முன்பெல்லாம் எங்கே போவது என்று அவர்தான் சொல்வார். இப்போது கேட்பதில்லை. ஏரிக்கரைக்குப் போனாலும் சரி, நூல் வாங்கப் போனாலும் சரி, இறங்கு என்றால் இறங்குவார்.

முதுகு? இல்லை, அது இன்னும் வளைந்துதான் இருக்கிறது. கூபேயின் இருக்கையை நான் தொடவில்லை. அவராகவே அப்படி உட்காரப் பழகிவிட்டார்.

போன வாரம் மகள் லீவில் வந்தாள். ரயிலடியில் அப்பாவைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து, "அப்பா, எப்படி இருக்கீங்க?" என்று கத்தினாள். "ஏம்மா கத்தறே?" என்றார். உடனே, ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி, என்னைத் திரும்பிப் பார்த்தார். அதை அவள் கவனித்துவிட்டாள். என் வயிற்றில் பிறந்தவள், கண்ணுக்கு எதுவும் தப்பாது. மறுநாள் அவள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் யாரிடமோ மெதுவாக, குடையைக் கொண்டுவர மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தால் அப்பா கையில் குடையோடு நிற்கிறார்.

அதனால்தான் உங்களிடம் கூட்டி வந்தாள். அப்பாவைக் கொஞ்ச நாள் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறாளாம். நேற்றுச் சொன்னாள். இவரிடம் அவள் கேட்டதற்கு, "அம்மாகிட்ட கேளு" என்றாராம். பார்த்தீர்களா.

ஆகக் குற்றம் என்று ஒன்று எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், வயதாகி என்றைக்கோ கிழவராகப் போகிற மனிதரைக் கொஞ்சம் முன்கூட்டியே கிழவராக்கினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். முதுகு, வயிறு, காது, வேலை, ஞாபகம், எல்லாம் நான்தான். மறைக்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், சொன்னேன். பதிலுக்கு அவருக்கு ஒரு சொகுசான வண்டி கிடைத்திருக்கிறது, ஓட்டிக்கொண்டு போக மனைவி இருக்கிறாள்.

காது சோதனையின் கோடுகள் உள்ள இந்தத் தாளை அவரிடமே காட்டப் போகிறேன் என்கிறீர்கள். உங்களுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை என்று நேருக்கு நேர் சொல்லிவிடப் போகிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், அது உங்கள் கடமை. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

கூப்பிடுங்கள். நீங்கள் என்ன சொன்னாலும் நம்புவதற்கு முன்னால் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துக்கொள்வார். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், டாக்டர். எங்களுக்குள் இப்போது அவ்வளவு ஒட்டுதல்.